வாரம் ஒருநாள் தோட்டக்காரர், தினமும் பக்கத்து வீடு: யாரிடம் எந்த வேலையை விடுவது?

மாடிப்படி (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். இடம் சென்னை, இரண்டு மாடி வீட்டின் மொட்டைமாடி. 15 அங்குலப் பை 22, 12 அங்குலப் பை 14, கீரைக்கு அகலப் பை 4. ஆடிப்பட்டத்தில் போட்ட வெண்டை காய்க்க ஆரம்பித்துவிட்டது. தக்காளியும் மிளகாயும் பூவில் இருக்கின்றன, கத்தரி முதல் பறிப்பு முடிந்தது. பீர்க்கும் பாகலும் பந்தலைத் தொட்டுவிட்டன. அவரை இப்போதைக்கு வெறும் கொடிதான். போர் தண்ணீர், கொஞ்சம் உப்பு.

மாதக் கடைசியில் பத்து நாள் வீட்டில் ஆள் இருக்காது. பக்கத்து வீட்டு அக்கா தண்ணீர் ஊற்றுவதாகச் சொல்லியிருக்கிறார். செடி என்றால் ஆசை, வளர்த்துப் பழக்கமில்லை. ஞாயிறுதோறும் ஒரு தோட்டக்காரர் ஒன்றரை மணி நேரம் வருகிறார். புல்வெளியும் குரோட்டன்ஸும் பார்த்துப் பழகிய கை. வந்ததும் எல்லாப் பையையும் கொத்திவிட்டு, பைக்கு ஒரு பிடி உரம் போட்டு, ஹோஸில் தண்ணீர் பீய்ச்சிவிட்டுப் போவார். இந்த இரண்டு பேருக்கும் என்ன சொல்லிவிட்டுப் போவது? ஒரு தாளில் எழுதிக் கதவில் ஒட்டலாம் என்று யோசனை.

—

செம்மண்:

தாள் எழுதுவதற்கு முன்னால் அந்த ‘ஒரு பிடி’யை நிறுத்துங்கள். ஒரு பிடி 17:17:17 காம்ப்ளக்ஸ் (தழை, மணி, சாம்பல் சத்து மூன்றும் சம அளவில் கலந்த ரசாயன உரம்) என்றால் 40 முதல் 50 கிராம். பங்களாவில் தரையில் நிற்கிற செம்பருத்திக்கு அது தாங்கும், ஏனென்றால் வேர் விலகிப் போக இடம் இருக்கிறது. 12 அங்குலப் பையில் இருப்பதே 18 லிட்டர் மண்கலவை. ஏற்கெனவே உப்புத் தண்ணீர் வேறு. இரண்டு மூன்று நாளில் இலை ஓரம் கருகி, மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். அதைப் பார்த்து அக்கா இன்னும் தண்ணீர் ஊற்றுவார். ரசாயன உரம்தான் போடுவீர்கள் என்றால் பைக்கு 5 கிராம், தண்டிலிருந்து நான்கு விரல் தள்ளி, ஈர மண்ணில், 15 நாளுக்கு ஒருமுறை. நீங்கள் இல்லாத பத்து நாளில் அதுவும் வேண்டாம். கிளம்புவதற்கு முதல் வாரம் பைக்கு இரண்டு பிடி மண்புழு உரம் போட்டுவிட்டால் வந்து பார்த்துக்கொள்ளலாம்.

அடுத்தது கொத்திவிடுவது. பையில் உறிஞ்சும் வேர் பெரும்பாலும் மேல் மூன்று நான்கு அங்குலத்தில் பின்னிக் கிடக்கும். களைக்கொத்தியை முழுசாக இறக்கினால் வாரத்துக்கு ஒருமுறை வேரை அறுக்கிறீர்கள் என்று அர்த்தம். அறுந்த இடம் அழுகல் நோய்க்குத் திறந்த கதவு. விரல் நுனியால் அரை அங்குலம் கிளறினால் போதும். இரண்டு அங்குலம் காய்ந்த சருகு மூடாக்குப் போட்டுவிட்டால் அதுவும் தேவையில்லை. மூடாக்கு இருந்தால் கொத்த வேண்டும் என்றே கைக்குத் தோன்றாது, அதுவே பாதி வேலை.

மொத்தத்தில் என் கணக்கு இது. தினமும் கண் வைப்பவர் அக்கா, ஆகவே தண்ணீரும் பறிப்பும் அவரிடம். வாரத்துக்கு ஒருமுறை வருபவரிடம் பலமான கை இருக்கிறது, ஆகவே தூக்குவது, கட்டுவது, வெட்டுவது அவரிடம். உரமும் மருந்தும் உங்களைத் தவிர யாரிடமும் போகக் கூடாது.

—

கொங்குத்தோட்டம்:

செம்மண் சொன்னது சரிங்க, ஆனா தோட்டக்காரர்னா கெடுக்கிறவர்ங்கிற மாதிரி போயிரக் கூடாதுங்க. அவர் கையில இருக்கிற வேலை நம்ம கைக்கு வராது. பந்தல் கம்பியை முறுக்கி இழுத்துக் கட்டுறது, 35 கிலோ பையை நகர்த்துறது, முருங்கையைக் கவாத்துப் பண்றது (கிளையை வெட்டி ஒழுங்கு பண்றது), எரு சலிக்கிறதுங்க. குண்டுமல்லி வச்சிருக்கீங்கன்னா நவம்பர் கடைசி வாரத்துல தரையிலிருந்து 50 சென்டிமீட்டர் விட்டு மொத்தமா வெட்டணும். வீட்டுக்காரங்க யாருக்கும் அந்த மனசு வராது, நுனியைக் கிள்ளிட்டு நின்னுருவாங்க. அவரு கத்தரியை எடுத்தார்னா அஞ்சு நிமிஷம். மார்ச்சுல பூ கொட்டுமுங்க.

நீங்க போறதுக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை அவருகிட்ட இதைக் கொடுங்க. தக்காளிக்கு நாலரை அடிக் குச்சி ஊனி, சணல்ல எட்டு மாதிரி முறுக்கிக் கட்டு. தண்டுக்கும் குச்சிக்கும் நடுவுல ஒரு முறுக்கு இருக்கணும், இல்லீன்னா தண்டு பெருத்ததும் சணல் அறுத்துரும். தக்காளிக்கு அடியில, முதல் பூங்கொத்துக்குக் கீழ இருக்கிற இலையெல்லாம் எடுத்துறச் சொல்லுங்க. தண்ணி ஊத்துறப்ப மண் தெறிச்சு இலைக்கருகல் அங்கிருந்துதான் ஏறும். பீர்க்கும் பாகலும் பந்தல் ஏறுன பின்னாடி பக்கக்கொடி விடட்டும், பந்தலுக்குக் கீழ வர்றதைக் கிள்ளிறலாம்.

அடுத்த ஞாயிறு, நீங்க இல்லாதப்ப, அவருக்கு வேற வேலை இருக்குதுங்க. காலிப்பை மண்ணைத் தார்ப்பாயில கொட்டி, பழைய வேரைப் பொறுக்கிட்டு, பரப்பி வெயில்ல காய வைக்கிறது. ஒரு வாரம் பத்து நாள் காயட்டும். அப்புறம் மூணுல ஒரு பங்கு மக்கின எரு, பைக்கு 50 கிராம் வேப்பம்பிண்ணாக்கு சேர்த்தா அடுத்த நடவுக்குத் தயார். கத்தரி, தக்காளி, மிளகாய் மூணும் ஒரே குடும்பம்ங்க. அந்த மண்ணுல மறுபடி அதுகளையே வைக்காம கீரையோ கொத்தவரையோ போடுங்க.

ஒரே ஒரு சோதனை அவரையே பண்ணச் சொல்லுங்க. எரு வந்ததும் ஒரு கை அள்ளிப் பிசைஞ்சு பாக்கணும். சாணி வாசமோ சூடோ இருந்தா இன்னும் மக்கல. உள்ளங்கை நீளத்துக்குச் சுருண்ட வெள்ளைப் புழு கிடந்தா காண்டாமிருக வண்டோடது, சின்னதா இருந்தா வேர்ப்புழு. சலிக்காம போட்டுட்டு ‘செடி ஏன் சாயுது’ன்னு கேக்கக் கூடாது.

—

கீரைக்கட்டு:

கீரைப் பைகளைப் பற்றி மட்டும். தண்டுக்கீரை, சிறுகீரை 25 நாள் தாண்டியிருந்தால் கிளம்பும் முன் பிடுங்கிவிடுங்கள், பத்து நாளில் பூத்துவிடும். அரைக்கீரை மண்ணுக்கு மேல் இரண்டு அங்குலம் விட்டு அறுத்துவிட்டால் திரும்பி வரும்போது அடுத்த அறுப்பு நெருங்கியிருக்கும். காலியாகும் பையில் விதை தூவிவிட்டுப் போக வேண்டாம். முளைக்கும் வாரத்தில் ஒருவேளை தண்ணீர் தப்பினாலும் போச்சு.

—

ஓட்டுவீடு:

தண்ணீர்க் கணக்குக்கு வருவோம். ‘தேவையான அளவு ஊற்றுங்கள்’ என்று தாளில் எழுதாதீர்கள். குளியலறை மக் ஒன்றை அளந்து 1 லிட்டரில் மார்க்கரால் கோடு போட்டுவிடுங்கள். ஆவணி, புரட்டாசியில் 15 அங்குலப் பைக்கு ஒன்றரை மக், 12 அங்குலத்துக்கு முக்கால் மக், காலையில் ஒரே தடவை. ஹோஸ் கொடுத்தால் முன்வரிசை குளிக்கும், பின்வரிசை காயும். மாலை இடிமழை பெய்யும் பருவம் என்பதால், ஊற்றும் முன் ஆள்காட்டி விரலை இரண்டு கணு ஆழம் மண்ணில் விடச் சொல்லுங்கள். விரலில் ஈர மண் ஒட்டினால் அன்றைக்கு அந்தப் பைக்கு லீவு.

பாட்டிலைக் கவிழ்த்து வைக்கும் வித்தை, திரி போட்டு வாளியிலிருந்து இழுக்கும் வித்தை எல்லாம் ஒரு நாள் இரண்டு நாளுக்குத்தான். காய்க்கிற வெண்டை தினமும் ஒன்றரை லிட்டர் கேட்கும்போது இரண்டு லிட்டர் பாட்டில் எத்தனை நாள் வரும்?

சொட்டுநீர் போடுகிற எண்ணம் இருந்தால் இரண்டு இடத்தில் எல்லோரும் தடுக்கி விழுகிறார்கள். முதலாவது, கடையில் ‘நல்லது’ என்று தரும் அழுத்தம் ஈடுசெய்யும் டிரிப்பர் (தண்ணீர் சொட்டும் வாய்). அது திறக்கவே அரை பாருக்கு (பார் என்பது அழுத்தத்தின் அலகு) மேல் அழுத்தம் கேட்கும். மொட்டைமாடித் தொட்டிக்கும் பைக்கும் உயர வித்தியாசம் ஒன்றரை மீட்டர் என்றால் கிடைப்பது 0.15 பார்தான். சாதாரண டிரிப்பரே வாங்குங்கள். மணிக்கு 2 லிட்டர் என்று போட்டிருப்பது 1 பார் அழுத்தத்தில் கிடைக்கும் அளவு. உங்கள் தொட்டியில் முக்கால் லிட்டர் வந்தால் அதிகம். பைக்கு 1 லிட்டர் இறங்க ஒண்ணேகால் மணி நேரத்துக்கு மேல் ஆகும். நம்பாமல் அளந்து பாருங்கள்: முதல் பையிலும் கடைசிப் பையிலும் டிரிப்பருக்கு அடியில் டம்ளர் வைத்து 15 நிமிடம் ஓடவிட்டால் உண்மை தெரியும். இரண்டாவது, டைமர். சோலனாய்டு (மின்காந்தத்தால் திறக்கும்) வகைக்கும் அழுத்தம் வேண்டும், தொட்டித் தண்ணீரில் பாதி திறந்து நிற்கும், அல்லது மூடாமலே விட்டுவிடும். பந்து வால்வு (ball valve) வகை அழுத்தமே இல்லாமல் வேலை செய்யும். முன்னால் 120 மெஷ் வடிகட்டி கட்டாயம். உப்புத் தண்ணீரில் டிரிப்பர் வாய் வெள்ளை பூத்து அடைக்கும், மாதம் ஒருமுறை கழற்றி வினிகரில் ஊறப்போடலாம்.

ஆனால் ஊருக்குப் போவதற்கு முந்தின நாள் சொட்டுநீர் மாட்டாதீர்கள். குறைந்தது ஒரு வாரம் கண்ணெதிரே ஓடட்டும். இந்தப் பயணத்துக்கு அக்காவின் மக் போதும்.

—

பீர்க்கம்பூ:

எல்லோரும் தண்ணீரிலேயே நிற்கிறீர்கள். ‘காய் இருந்தால் எடுத்துக்கோங்க அக்கா’ என்று உபசாரமாகச் சொல்லிவிட்டுப் போனால் அவர் கூச்சப்பட்டு நான்கு காய் பறிப்பார், மீதி முற்றும். வெண்டையில் இரண்டு காய் முற்றவிட்டால் செடி ‘விதை போட்டாச்சு’ என்று பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். அதனால் பறிப்பதை ஒரு வேலையாகவே ஒப்படையுங்கள்.

வெண்டை ஒன்றுவிட்டு ஒருநாள். நுனியை ஒடித்தால் ‘டக்’கென்று உடைய வேண்டும், வளைந்தால் முற்றல். முற்றலையும் பறித்தே ஆக வேண்டும், சமைக்காவிட்டாலும் பரவாயில்லை. கத்தரியில் தோல் பளபளப்பு இருக்கும்போதே எடுக்க வேண்டும், மங்கினால் உள்ளே விதை தடித்துவிட்டது. பீர்க்கில் வரம்புக்கு நடுவே நகத்தால் லேசாக அழுத்தினால் தோல் கிழிய வேண்டும். தக்காளியைச் செடியில் சிவக்க விடுவது அணிலுக்குப் பந்தி வைப்பதுதான். அடிப்பக்கம் வெளிறி லேசாக ஆரஞ்சு தட்டும்போதே பறித்துக் கூடையில் வைத்தால் மூன்று நான்கு நாளில் பழுத்துவிடும், ருசியில் பெரிய வித்தியாசம் தெரியாது.

அக்காவுக்கு ஆசை என்றீர்களே, அவருக்கு ஒரு நல்ல வேலை இருக்கிறது. பீர்க்கம்பூ சாயங்காலம் அஞ்சு, அஞ்சரைக்கு விரியும். அதற்கு மகரந்தம் சேர்ப்பது பெரும்பாலும் அந்துப்பூச்சிகள், மாடியில் அவற்றின் நடமாட்டம் குறைவு. ஆண்பூ கொத்துக்கொத்தாக வரும், மெல்லிய காம்பு. பெண்பூ தனியாக, பின்னால் சுண்டுவிரல் அளவு குட்டிப் பீர்க்கங்காயோடு வரும். ஆண்பூ ஒன்றைக் கிள்ளி, மஞ்சள் இதழ்களைப் பின்னால் மடித்துவிட்டு, நடுவிலிருக்கும் தூளைப் பெண்பூவின் முடிச்சில் மூன்று பக்கமும் மெதுவாக ஒற்ற வேண்டும். ஒரு ஆண்பூ இரண்டு பெண்பூவுக்குப் போதும். காபி டம்ளரோடு மேலே வந்தால் ஆறும் முன் முடிகிற வேலை, விளக்கு வைக்கும் நேரத்துக்குப் பந்தல் முழுக்க மஞ்சள். மறுநாள் காலை ஏழு மணிக்கு வந்து தேடினால் வாடிச் சுருங்கிய பூதான் இருக்கும்.

பாகல் நேர் எதிர், விடிகாலையில் விரிந்துவிடும், ஒன்பது மணிக்குள் முடிக்க வேண்டும். பூசணியும் காலைதான், சுரை சாயங்காலம். வெண்டை, கத்தரி, மிளகாய், அவரைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை. தக்காளிக் குச்சியைக் காலை பத்து மணி வாக்கில் இரண்டு தட்டு தட்டினால் போதும்.

முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: கொடி பூக்க ஆரம்பித்த முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூவாகத்தான் வரும். குட்டிக்காய் நுனியிலிருந்து மஞ்சளாகி மூன்று நான்கு நாளில் உதிர்ந்தால் மகரந்தம் சேரவில்லை என்று பொருள். அதற்கு உரம் போட்டுப் பயனில்லை.

—

மாடிப்படி:

பறிப்பு ஒரு வேலை என்பது தோன்றவே இல்லை, நன்றி. நடுவில் ஒரு சந்தேகம். போன ஞாயிறு தோட்டக்காரர் தன் ஸ்பிரேயரில் வேப்பெண்ணெய் அடித்தார். புதனன்று பார்த்தால் தக்காளி நுனி இலையெல்லாம் ஒல்லியாக, நாடா மாதிரி முறுக்கிக்கொண்டிருக்கிறது. இலைச்சுருட்டு வைரஸ் என்று எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்கிறார்கள். பிடுங்கலாமா?

—

செம்மண்:

பிடுங்காதீர்கள். முதலில் எண்ணுங்கள்: எத்தனை செடியில், எப்போது தொடங்கியது?

இலைச்சுருட்டு வைரஸை வெள்ளை ஈ ஒவ்வொரு செடியாகக் கொண்டுபோகும். இன்று ஒன்று, அடுத்த வாரம் இரண்டு என்று பரவும். இலை கிண்ணம் மாதிரி மேல் நோக்கிச் சுருண்டு, சிறுத்து, ஓரம் மஞ்சளாகும். எல்லாச் செடியிலும் ஒரே நாளில், மருந்தடித்த மூன்றாம் நாள், நரம்பு நெருங்கி இலை நாடாவாக நீண்டு முறுக்கினால் களைக்கொல்லி. புல்வெளியில் அகன்ற இலைக் களைக்கு அடிக்கும் 2,4-டி அந்த ஸ்பிரேயரில் எப்போதோ போயிருக்கும். தக்காளிக்கு மூக்கில் காட்டினாலே போதும், அவ்வளவு கூச்சம். ஸ்பிரேயரைத் தண்ணீரில் நாலு தடவை அலசினாலும் போகாது. தோட்டக்காரரைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, இருப்பது ஒரே ஸ்பிரேயர், நாலு வீடு.

லேசாகப் பட்டிருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் புது இலை ஒழுங்காக வரும். முறுக்கிய நுனியை வெட்டிவிட்டுக் காத்திருங்கள். புது இலையும் முறுக்கினால் அந்தச் செடியில் காய் எதிர்பார்க்க வேண்டாம். 2 லிட்டர் கை ஸ்பிரேயர் ஒன்று வாங்கி உங்கள் மாடியிலேயே வையுங்கள், வெளியே போகக் கூடாது, வெளியிலிருந்து ஒன்று உள்ளே வரவும் கூடாது.

கவாத்துக் கத்தரியும் அப்படித்தான். வீடு வீடாகப் போகும் கத்தரியில் மாவுப்பூச்சிக் குஞ்சிலிருந்து வாடல் நோய்க் கிருமி வரை ஏறிவரும். ஸ்பிரிட் நனைத்த துணியால் அலகைத் துடைத்துக் கொடுத்தால் அவரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். பீடி, புகையிலைப் பழக்கம் இருந்தால் தக்காளி, மிளகாயைத் தொடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவச் சொல்லுங்கள், புகையிலைத் தேமல் வைரஸ் கையோடு வரும்.

—

கொங்குத்தோட்டம்:

வேப்பெண்ணெய்னு சொல்றப்ப ஒண்ணுங்க. நிறையப் பேரு தண்ணியில எண்ணெயை ஊத்திட்டு அப்புறம் சோப்பு போடுறாங்க. எண்ணெய் மேல மிதக்கும், ஸ்பிரேயர்ல முதல் பாதி வெறும் தண்ணி, கடைசிச் செடிக்கு முழு எண்ணெய், இலை பொசுங்கிரும். 5 மில்லி வேப்பெண்ணெயையும் 2 மில்லி திரவ சோப்பையும் ஒரு கிண்ணத்துல பால் மாதிரி ஆகிற வரைக்கும் கலக்குங்க, அப்புறம்தான் 1 லிட்டர் தண்ணி. அடிக்கிறது சாயங்காலம் அஞ்சுக்கு மேல, இலைக்கு அடியில.

அக்காகிட்ட மாவுப்பூச்சிக்கு மட்டும் பழைய டூத் பிரஷ்ஷும் சோப்புத் தண்ணியும் கொடுத்துட்டுப் போகலாமுங்க. மருந்து வேற யாரும் தொடக் கூடாதுன்னு செம்மண் சொல்றாரு, ஆனா பத்து நாள் விட்டா மிளகாய் முழுக்க வெள்ளையா மூடிரும்.

—

செம்மண்:

பிரஷ் சரி, அது மருந்தில்லை. கூடவே எறும்பையும் பார்க்கச் சொல்லுங்கள். பையில் எறும்பு சாரையாக ஏறினால் மேலே அசுவினியோ மாவுப்பூச்சியோ இருக்கிறது. கத்தரியில் நுனி மட்டும் தொங்கினால் தண்டு துளைப்பான். தொங்கும் இடத்துக்கு ஒரு அங்குலம் கீழே வெட்டி, கவரில் போட்டு முடிச்சுப் போட வேண்டும். தரையில் போட்டால் புழு வெளியே வந்து கூண்டு கட்டும். வெண்டையில் இலை நரம்பு மஞ்சள் வலை மாதிரி தெரிந்தால் அதற்கு மருந்தே கிடையாது, அந்தச் செடியைத் தோட்டக்காரரிடம் சொல்லி வேரோடு எடுக்கலாம்.

—

தாமிரபரணி:

பக்கத்து வீட்டுக்காரங்க உதவுறாங்கன்னா அவங்க பக்கத்தையும் பாக்கணும்லா. மீன் அமிலமும் பஞ்சகவ்யாவும் (ரெண்டும் வாடை அடிக்கிற இயற்கைக் கரைசல்) அடிக்கிற நாள்ல அவங்க கொடியில துணி காயுதான்னு பாத்துட்டு அடிங்க. மீன் அமில டப்பா மூடி இறுக்கமா இருக்கட்டும், பூனையும் எலியும் நேரா அங்கதான் வரும்.

பெரிய பிரச்சினை மழைத்தண்ணி. தேங்காய்நார்த் தூளும் சருகும் மழைநீர்க் குழாய் வாயில அடைச்சு, ஐப்பசியில மாடி குளமா நிக்கும். சுவர் ஒட்டின வீடுன்னா ஓதம் அவங்க பக்கம் இறங்கும், அப்புறம் ஆயுசுக்கும் பேச்சு. குழாய் வாய்க்குக் கொசுவலைக் கம்பியைக் குல்லா மாதிரி மடிச்சு வைங்க, வாராவாரம் அதை எடுத்து உதறுறதைத் தோட்டக்காரர் பட்டியல்ல முதல்ல போடுங்க. பைக்கு அடியில தட்டு வைக்காதீங்க. தேங்குன தண்ணியில ஒரு வாரம் பத்து நாள்ல கொசு வந்துரும், நீங்க திரும்பி வர்ற அன்னிக்குச் சரியா இருக்கும்.

பைகளை ஒண்ணா நெருக்கி நடுவுல வச்சுட்டா ஊத்துறதுக்கும் சுலபம், வெயிலும் கம்மியாத் தாக்கும். அக்காவுக்கும் நடக்கிற தூரம் குறையும்.

—

ஓட்டுவீடு:

மற்றதெல்லாம் சரி, கடைசிப் பத்தி வேண்டாம் அண்ணாச்சி. ஆள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயத்தில் எடுக்கும் சுமை சதுர மீட்டருக்குச் சுமார் 150 கிலோ. நனைந்த 15 அங்குலப் பை 35 கிலோ. நெருக்கி வைத்தால் ஒரு சதுர மீட்டரில் ஆறு பை உட்காரும், 210 கிலோ ஆகிவிட்டது, அதுவும் ஸ்லாபின் நடுவில். கைப்பிடிச்சுவர் ஓரமாக, அடியில் சுவரோ பீமோ போகும் கோட்டில் ஒற்றை வரிசையாக இருக்கட்டும். நிழலுக்கு 50 சதவீத நிழல்வலையை மேற்குப் பக்கம் மட்டும் தொங்கவிடலாம், தலைக்கு மேல் போட்டால் வெண்டை பூக்காமல் நீளும். பையைச் செங்கல் மேல் ஏற்றினால் அடியில் காற்று ஓடும், தட்டோடும் பாசி பிடிக்காது.

—

தாமிரபரணி:

சரிதான், நெருக்க வேண்டாம்.

—

மாடிப்படி:

இதுவரை வந்ததை வைத்து அக்காவுக்கான தாள். திருத்தம் இருந்தால் சொல்லுங்கள்.

“காலை 8 மணிக்குள்: விரல் இரண்டு கணு விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் அந்தப் பைக்குத் தண்ணீர் வேண்டாம். பெரிய பைக்குக் கோடு வரை ஒன்றரை மக், சின்னதுக்கு முக்கால். மண்ணில் ஊற்றுங்கள், இலையில் வேண்டாம். செடி வாடியிருந்தால் கூடுதலாக ஊற்றுங்கள். வெண்டை ஒன்றுவிட்டு ஒருநாள் கட்டாயம் பறியுங்கள், முற்றலையும். தக்காளி ஆரஞ்சு தட்டியதும் பறியுங்கள். சாயங்காலம் அஞ்சரைக்குப் பீர்க்கம்பூ. மிளகாயில் வெள்ளையாக இருந்தால் பிரஷ். சிவப்பு நூல் கட்டிய காய்கள் விதைக்கு, அதைப் பறிக்க வேண்டாம். மீதி எல்லாம் உங்களுடையது.”

தோட்டக்காரருக்குத் தாள் இல்லை, நேரில் சொல்லிவிடுகிறேன். குழாய் வாய், குச்சிக்கட்டு, காலிப்பை மண். உர டப்பாவை வீட்டுக்குள் எடுத்து வைத்தாயிற்று.

—

செம்மண்:

‘வாடியிருந்தால் கூடுதலாக’ என்ற வரியை அடியுங்கள், செடி சாவது அங்கேதான். மத்தியானம் வாடி, சாயங்காலம் நிமிர்ந்தால் அது வெயில், விட்டுவிடலாம். காலையிலேயே வாடியிருந்து மண்ணும் காய்ந்திருந்தால் தண்ணீர். காலையில் வாடி, மண் ஈரமாக இருந்தால் ஒரு சொட்டும் வேண்டாம், போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். வேரழுகலாக இருக்கலாம், வாடல் நோயாகவும் இருக்கலாம். வாடல் என்று சந்தேகமானால் தோட்டக்காரர் தண்டை அடியில் ஒரு துண்டு வெட்டி, கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வெட்டுவாய் முங்கும்படி பிடிக்கட்டும். சில நிமிடத்தில் பால் நூல் மாதிரி இறங்கினால் பாக்டீரியா வாடல். பையோடு அப்புறப்படுத்த வேண்டும், அந்த மண்ணை வேறு பையில் கலக்கவே கூடாது.

கொத்தவரை, காராமணி எதையாவது பிடுங்கும்போது வேரில் முண்டு முண்டாக இருந்தால் அவர் பயந்துவிடப் போகிறார். விரலால் தேய்த்தால் உதிர்ந்து, உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது தழைச்சத்து முடிச்சு, நல்லது. வேரே வீங்கியிருந்து உதிராவிட்டால்தான் நூற்புழு.

—

பீர்க்கம்பூ:

சிவப்பு நூலில் ஒரு திருத்தம். வெண்டையைச் செடியிலும் பீர்க்கைக் கொடியிலும் காய்ந்து பழுப்பாகும் வரை விடலாம், சரி. வெண்டையில் ஒரே செடியாகப் பார்த்து விதைக்கு விட்டுவிடுங்கள், மற்றச் செடிகள் காய்த்துக்கொண்டிருக்கும். பாகலை அப்படி விட்டால் ஆரஞ்சு நிறமாகி, மூன்றாக வெடித்து, சிவப்புச் சதையோடு விதை தொங்கும், காலையில் அணிலோ மைனாவோ முடித்துவிடும். நூல் கட்டிய பாகல் பாதி மஞ்சளானதும் பறித்து வீட்டுக்குள் வைக்கச் சொல்லுங்கள், இரண்டு நாளில் தானே பழுக்கும். விதையைச் சாம்பலில் புரட்டி நிழலில் காய வைத்தால் போதும். அக்காவுக்கும் நாலு விதை கொடுங்கள், தைப்பட்டத்துக்கு அவர் மாடியில் ஒரு பை வைக்கலாம்.

—

மாடிப்படி:

திருத்திவிட்டேன். பாகலுக்கு மட்டும் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறேன், ‘மஞ்சள் நூல், பாதி மஞ்சளானதும் பறிக்கவும்’ என்று ஒரு வரி.